எழுத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும்

"ஸ்கின் முடிஞ்சிடுச்சு மாமா, இனிமே ஜிப் பண்ணி அனுப்ப வேண்டியதுதான்" என்று என் அக்காள் மகன் போகிற போக்கில் சொன்னது பல மாதங்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அவன், தன் பாட்டிக்காக, அதாவது என் அம்மாவுக்காக, பாட்டும் படமும் ஓட்டும் 'கோடி' மீடியா பிளேயருக்குத் தமிழில் ஒரு ஸ்கின், அதாவது அதன் திரைத் தோற்றத்தை மாற்றும் கோப்புத் தொகுப்பு, செய்திருந்தான். வேலை நேர்த்தியானதுதான். நிறங்கள் கண்ணை உறுத்தவில்லை, பொத்தான்கள் பெரியவை, பட்டியல்களில் தேவையற்ற அலங்காரம் இல்லை. ஆனால் வரைவதும் அடுக்குவதும்தான் படைப்பு, அதை அடுத்தவருக்கு அனுப்பத் தோதாகப் பொதி கட்டுவது அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் எடுபிடி வேலை என்று அவன் நினைத்தது எனக்கு ஒப்பவில்லை. அப்படி நினைப்பவன் அவன் மட்டும் அல்ல. இந்தத் துறையில் பல ஆண்டுகள் இருப்பவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். தமிழில் ஒரு ஸ்கின் செய்பவருக்கு அந்த எண்ணம் பொருந்தவே பொருந்தாது என்பது என் கருத்து. அது ஏன் என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு ஸ்கின் தன்னைச் செய்தவரின் கணினியில் இயங்கும்போது, அந்தக் கணினி சத்தமில்லாமல் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எப்போதோ நிறுவிய எழுத்துரு அங்கே இருக்கிறது. எப்போதோ தட்டிவிட்ட அமைப்புகள் எங்கோ ஒரு கோப்பில் பதிவாகியிருக்கின்றன. கோப்பின் பெயரில் பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று விண்டோஸ் கேட்பதில்லை. இவற்றில் எதுவும் ஸ்கின்னின் கோப்புறைக்குள் இல்லை. பொதி கட்டுவது என்பது இந்த முட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஸ்கின் தன் காலில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான். ஜிப் செய்வது அதில் கடைசி நொடி.

வினாம்ப் காலத்துப் பழக்கம்

இந்த அலட்சியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், என் தலைமுறைக்கு அது வினாம்ப் என்ற பாட்டு பிளேயரிலிருந்து வந்தது என்றே தோன்றுகிறது. 1997இல் வெளிவந்த அந்த பிளேயரை, சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் உதிரிபாகங்கள் வாங்கிப் பொருத்திய கணினிகளில் ஓட்டியவர்கள் நாங்கள். அதன் ஸ்கின் ஒரு சாதாரண ஜிப் கோப்பு. நீட்டிப்பை மட்டும் டபிள்யூஎஸ்இசட் என்று மாற்றினால் போதும். உள்ளே இருந்தவை பிட்மேப் படங்களும் சில உரைக் கோப்புகளும்தான். முதன்மைச் சாளரத்தின் படம் 275 புள்ளி அகலம், 116 புள்ளி உயரம். பொத்தான்களுக்கு ஒரு படம், ஒலியளவுப் பட்டைக்கு ஒரு படம், ஓடும் அலைகளுக்கான 24 நிறங்களை வரிவரியாகச் சொல்லும் ஓர் உரைக் கோப்பு. எந்தப் படத்துக்கு என்ன பெயர், என்ன அளவு என்பதையெல்லாம் பிளேயரே விதித்துவிட்டது. நாம் ஒரு படத்தை விட்டுவிட்டால்கூட அது தன் மூல ஸ்கின்னிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். அவ்வளவு பெருந்தன்மையான பிளேயரிடம் பழகிய கைகளுக்கு, பொதி கட்டுவது ஒரு வேலையாகவே படவில்லை.

ஆனால் அந்தப் பெருந்தன்மை தமிழுக்கு நீளவில்லை. பாடலின் தலைப்பை ஓடவிடும் எழுத்துகளும் ஒரு படத்தில்தான் இருந்தன. ஓர் எழுத்துக்கு 5 புள்ளி அகலம், 6 புள்ளி உயரம் என்ற கட்டங்களில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், சில ஐரோப்பிய எழுத்துகள். ஐந்து புள்ளி அகலத்தில் 'ண' வரைய முடியாது. வரைந்தாலும் வைக்க அங்கே இடம் இல்லை. பாடல் பட்டியலின் நிலை வேறு. அதற்கான உரைக் கோப்பில் நிறங்களோடு எழுத்துருவின் பெயரையும் ஒரு வரியில் எழுதலாம். அங்கே, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த ஓர் எட்டு பிட் எழுத்துருவின் பெயரைக் கொடுத்து, பாடல் குறிப்புகளையும் அதே குறியீட்டில் தட்டச்சு செய்தால், பட்டியலில் தமிழ் வரும். நம் கணினியில் மட்டும் வரும். பொதியில் போனது எழுத்துருவின் பெயர்தானே தவிர எழுத்துரு போகவில்லை. பெற்றவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், சௌந்தரராஜனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உச்சரிக்க முடியாத ஐரோப்பியக் கூளம் நிற்கும்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இருந்த தமிழர்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை. 1995இல் நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் ஏற்றிக் காட்டியபோதே, படிப்பவரின் கணினிக்கு எழுத்து எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி கூடவே எழுந்துவிட்டது. வினாம்ப் பிறந்த அதே 1997இல், மே மாதம், இங்கே கூடிய தமிழ்நெட் 97 மாநாட்டிலும் குறியீடும் விசைப்பலகையும்தான் முக்கியப் பேச்சு. அதன் பிறகும் பல ஆண்டுகளுக்கு, ஏறக்குறைய எல்லாத் தமிழ் இணையப் பக்கங்களின் தலையிலும் 'எழுத்து சரியாகத் தெரியவில்லையென்றால் இந்த எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்' என்ற வரி இருந்தது. நம்முடைய எழுத்து அடுத்தவரிடம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அந்த வரியைப் படித்தே கற்றுக்கொண்டோம்.

பிறகு யூனிகோடு பரவியது. விண்டோஸில் லதாவும் பின்னர் நிர்மலாவும், மேக்கில் இணைமதியும் என எழுத்துருக்கள் இயங்குதளத்தோடேயே வந்தன. கைப்பேசிகளிலும் தமிழ் தானாக வந்தது. எழுத்துருச் சிக்கல் ஒழிந்தது என்று எல்லாரும் மூச்சு விட்டோம். அங்கேதான் ஒன்று கவனத்திலிருந்து நழுவியது. யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் தந்ததே தவிர உருவத்தைத் தரவில்லை. உருவத்தை இயங்குதளம் ஓசையின்றிக் கொடுத்துக்கொண்டிருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. கோடி போன்ற பிளேயர் இயங்குதளத்திடம் எழுத்தைக் கேட்பதில்லை. ஸ்கின் சுட்டிக்காட்டும் எழுத்துருக் கோப்பைத் தானே திறந்து, தானே திரையில் வரைந்துகொள்கிறது. ஊரெல்லாம் உணவகம் இருந்தாலும் இந்தப் பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அம்மா வீட்டுப் பெட்டி

அம்மா தோ பாயோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தமிழ் முரசு நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். தொலைக்காட்சிக்குப் பின்னால் லினக்ஸில் ஓடும் உள்ளங்கை அளவு கணினி ஒன்று இருக்கிறது. அதோடு இணைந்த வன்தட்டில், அத்தான் பொறுமையாக ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிச் சேர்த்த பாடல்கள் இருக்கின்றன: சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, தேவாரம், திருப்புகழ். இத்தனை காலமும் அம்மா ரிமோட்டைக் கைக்கணக்கில்தான் இயக்கி வந்தார். எத்தனை முறை வலப்பக்கம், எத்தனை முறை கீழே என்று விரல்களுக்குத் தெரியும். திரையில் எழுதியிருப்பது அவருக்குத் தேவைப்படவும் இல்லை, உதவவும் இல்லை. எங்காவது ஒரு விசை கூடுதலாக அழுந்திவிட்டால், யாராவது வரும் வரை பாட்டு இல்லை. தமிழில் ஸ்கின் வேண்டும் என்று அக்காள் மகனுக்குத் தோன்றியது இதைப் பார்த்துத்தான். அந்த எண்ணத்துக்காக அவனை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் ஜிப்பை விரலி நினைவகத்தில் போட்டுக்கொண்டு வந்தான். பெட்டி முதலில் அதை ஏற்க மறுத்தது. கோப்புறையைச் சுருக்குவதற்குப் பதிலாக, கோப்புறைக்குள் இருந்தவற்றைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கியிருந்தான். ஜிப்பைத் திறந்தவுடன் ஒரே ஒரு கோப்புறை இருக்க வேண்டும். அதன் பெயர், ஸ்கின்னின் விவரங்களைப் பிளேயருக்குச் சொல்லும் ஆட்ஆன் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த ஸ்கின்னுக்குக் கொடுத்த அடையாளப் பெயராகவே இருக்க வேண்டும். அதை அங்கேயே மடிக்கணினியில் சரி செய்தான். இரண்டாம் முறை ஸ்கின் நிறுவப்பட்டது. திரை ஒருமுறை கறுத்து, மீண்டும் எழுந்தது. நிறங்கள் வந்தன, பொத்தான்கள் வந்தன, படங்கள் வந்தன. எழுத்து இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். "எழுத்து எங்கய்யா? எனக்குத்தான் தெரியலையா?" என்று பேரனைக் கேட்டார். என்னை அசைத்தது அந்த இரண்டாம் கேள்விதான். தனக்குப் புரியாத எதையும் தன் கண்ணின் குறையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இருக்கிறது. ஆங்கிலத் திரையின் முன்னே அவர் அப்படிக் கேட்டதில்லை, ஏனென்றால் அது தனக்கானதல்ல என்று அவருக்குத் தெரியும். இது தனக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லப்பட்டபோதுதான் குறை தன்னுடையதோ என்ற ஐயம் அவருக்கு வந்தது. "இல்ல பாட்டி, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, பெட்டியிலதான் கோளாறு" என்றான் அவன். பிறகு என் பக்கம் திரும்பி, "என் லேப்டாப்ல நல்லாத்தானே வருது மாமா" என்றான்.

பெட்டியில் கோளாறு இல்லை. பிளேயர் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை இருவரும் திறந்து பார்த்தோம். எழுத்துருவை ஏற்ற முடியவில்லை, வேறொன்றை மாற்றாக எடுக்கிறேன் என்று அது வரிக்கு வரி சொல்லியிருந்தது. அந்த மாற்று எழுத்துருவில் தமிழ் இல்லை. ஸ்கின்னின் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் காரணம் கண்ணுக்கு நேரே நின்றது. 'கோப்பின் பெயர்' என்ற இடத்தில் அவன் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறைக்கு முழு முகவரியையும் எழுதியிருந்தான். அங்கே இருந்த நிர்மலாவை அது சுட்டியது. அவனுடைய கணினியில் அது சரியான முகவரி. லினக்ஸ் பெட்டியில் அப்படி ஓர் இடமே கிடையாது. வினாம்பின் பாடல் பட்டியலில் எழுத்துருவின் பெயரை மட்டும் எழுதி அனுப்பிய அதே கதை, இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு வேறு உடையில் வந்து நின்றது.

உரிமம் என்ற கோப்பு

அவன் உடனே சொன்ன தீர்வு, நிர்மலாவை நகலெடுத்து ஸ்கின்னுக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிடலாம் என்பது. தொழில்நுட்பத்தில் அது சரி. ஆனால் நிர்மலா விண்டோஸோடு வரும் எழுத்துரு. அதைப் பிரித்தெடுத்து நம் பொதியில் வைத்து ஊருக்கு விநியோகிக்க நமக்கு உரிமை இல்லை. பாட்டி வீட்டுக்கு மட்டும்தானே என்றான். அன்று அது பாட்டி வீட்டுக்கு மட்டும்தான். ஆனால் பொதி என்பது கையை விட்டுப் போவதற்காகவே கட்டப்படுவது. யார் வீட்டுக்குப் போகும் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

விட்டுக்கொடுக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழுக்குக் கட்டற்ற எழுத்துருக்கள் இல்லாத காலம் போய்விட்டது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் போன்றவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. அந்த உரிமம் மென்பொருளோடு சேர்த்து எழுத்துருவை அனுப்ப அனுமதிக்கிறது. எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். எழுத்துருவைத் திருத்தினால், ஆசிரியர் ஒதுக்கிவைத்த பெயரை அந்தத் திருத்திய வடிவத்துக்குச் சூட்டக் கூடாது. யாரோ ஒருவர் 'ஙௌ' வரை உட்கார்ந்து வரைந்து நமக்குக் கொடுத்திருக்கிறார். பதிலுக்கு நம்மிடம் கேட்பது சில கிலோபைட் உரைக் கோப்பு ஒன்றைத்தான். அதைப் பொதியில் சேர்க்கச் சோம்பல்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அம்மாவின் சோபாவே சோதனைக்கூடம் ஆனது. முதல் நிபந்தனை, ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் எண்களும் இருக்க வேண்டும். பாடல் பட்டியலில் ஆங்கிலத் தலைப்புகளும் ஓடும் நேரமும் கலந்தே வரும்; தமிழ் மட்டும் உள்ள எழுத்துருவைப் போட்டால் இப்போது அந்தப் பக்கத்தில் கட்டங்கள் முளைக்கும். இரண்டாவது, தொலைவு. மடிக்கணினியில் முழங்கை தூரத்தில் அழகாகத் தெரிவது, கூடத்தின் மறுபுறத்திலிருந்து பார்க்கும்போது வேறாகிவிடுகிறது. 'ணி'யும் 'னி'யும் ஒன்றாகத் தெரிகின்றன. 'ழு'வின் கீழ்வளைவு அடுத்த வரியின் மேல்விலங்கில் இடிக்கிறது. ஆங்கிலத்துக்காக அமைத்த வரி உயரம் தமிழுக்குப் போதாது என்பதை ஸ்கின் செய்பவர்கள் எல்லாரும் முதல் நாளிலேயே அறிந்துகொள்ள வேண்டும். கடைசியில் முக்தா மலரை எடுத்துக்கொண்டோம். கோடுகளின் தடிமன் சீராக இருப்பதால் அம்மாவுக்குத் தூரத்திலிருந்து பிரித்துப் படிக்க முடிந்தது.

எழுத்துரு உள்ளே போனதும் கட்டங்கள் மறைந்தன. ஆனால் 'கோவிந்தராஜன்' உடைந்து வந்தது. இரட்டைக்கொம்பும் துணைக்காலும் 'க'வை நடுவில் வைத்து அணைக்க வேண்டியவை; இங்கே 'க' தனியாக நிற்க, அவை இரண்டும் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்டியில் இருந்த பிளேயர் பழைய பதிப்பு. அது குறியீடுகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது. எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்தும் புதிய பதிப்புகளில் இந்தக் கோளாறு வருவதில்லை. அவன் மடிக்கணினியில் இருந்தது அப்படிப்பட்ட பதிப்பு. பெட்டியைப் புதுப்பித்தோம், சரியாகிவிட்டது. ஆனால் பொதியைப் பற்றிய கேள்வி அப்படியே இருந்தது. ஆட்ஆன் எக்ஸ்எம்எல்லில், இந்த ஸ்கின்னுக்குப் பிளேயரின் எந்த இடைமுகப் பதிப்பு தேவை என்று ஒரு வரி எழுத வேண்டும். 19ஆம் பதிப்பான மேட்ரிக்ஸுக்கு அது 5.15.0; 20ஆம் பதிப்பான நெக்ஸஸுக்கு 5.16.0, 21ஆம் பதிப்பான ஒமேகாவுக்கு 5.17.0. எண்ணைக் குறைத்து வைத்தால் நிறைய பெட்டிகளில் ஏறும் என்பது அவன் வாதம். தமிழ் சரியாக வருவதை நாம் கண்ணால் பார்த்த பதிப்பின் எண்ணைத்தான் எழுத வேண்டும் என்பது என் வாதம். 'இந்தப் பெட்டியில் ஏறாது' என்று பொதி நேர்மையாகச் சொல்லிவிடலாம். ஏறிவிட்டு உடைந்த எழுத்தைக் காட்டினால், அந்த வீட்டிலும் யாரோ ஒரு பாட்டி தன் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொள்வார். அவன் சற்று யோசித்துவிட்டு எண்ணை உயர்த்தினான்.

கோப்புறைக்கு வெளியே கிடந்தவை

எழுத்து வந்த பிறகும் முகப்புத் திரை அவன் காட்டியது போல இல்லை. மடிக்கணினியில் பாடல்கள், வானொலி, படங்கள் என்று மூன்றே வரிகள் இருந்தன. பெட்டியில் திரைப்படம், தொடர், விளையாட்டு, வானிலை என்று பிளேயருக்குத் தெரிந்த எல்லாமும் வரிசைகட்டி நின்றன. தேவையற்றவற்றை அவன் ஸ்கின்னின் அமைப்புத் திரைக்குப் போய் மறைத்திருந்தான். அந்தத் தெரிவுகள் ஸ்கின்னின் கோப்புறையில் பதிவாவதில்லை. பயனரின் தரவுக் கோப்புறையில், அந்த ஸ்கின்னின் பெயரில் வேறோர் இடத்தில் பதிவாகின்றன. அதனால் அவை பொதியில் ஏறவே ஏறா. இதற்கு வழி, எந்த அமைப்பும் பதிவாகாத வெற்று நிலையே நாம் விரும்பும் நிலையாக இருக்கும்படி நிபந்தனைகளை எழுதுவது. கோடியின் இயல்பு ஸ்கின்னான எஸ்டுவரியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. அதில் முகப்பு வரிகளுக்கான அமைப்புகள் 'திரைப்படப் பொத்தான் வேண்டாம்' என்ற எதிர்மறைப் பெயரில்தான் இருக்கின்றன. எதுவும் பதிவாகாத புதுப் பெட்டியில் பொத்தான் தெரியும். எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அவன் ஒவ்வொரு நிபந்தனையையும் திருப்பி எழுதினான். 'வேண்டும்' என்று யாராவது தேர்ந்தெடுத்தால் மட்டுமே அந்த வரிகள் இப்போது தோன்றும்.

தமிழ்ச் சொற்களை அவன், ஒவ்வொரு திரையையும் விவரிக்கும் சாளரக் கோப்புகளுக்குள்ளேயே நேரடியாக எழுதியிருந்தான். அவற்றை மொழிக் கோப்புக்கு மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் 31000லிருந்து ஓர் எண் கொடுத்து, ஆங்கிலத்துக்கு ஒரு கோப்பு, தமிழுக்கு ஒரு கோப்பு. பாட்டிக்காகச் செய்ததில் ஆங்கிலம் எதற்கு என்று கேட்டான். அம்மாவுடன் தங்கியிருக்கும் பணிப்பெண் மியன்மாரைச் சேர்ந்தவர். தமிழ் படிக்கத் தெரியாது, ஆங்கிலம் ஓரளவு தெரியும். அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் நாளில் பாட்டுப் போட்டுவிடுபவர் அவர்தான். மொழியை மாற்றினால் திரை முழுவதும் மாற வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு. பிளேயரின் மொழி ஆங்கிலத்தில் இருந்தால் நம் தமிழ்க் கோப்பு திறக்கப்படவே படாது; தமிழ் மொழித் தொகுப்பை முதலில் நிறுவித் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவே அந்த அறிவிப்பு பொதியின் விளக்கத்தில் முதல் வரியாகப் போனது.

கோப்புப் பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸில் அவை வேறு. ஒரு பின்னணிப் படம் பெட்டியில் வராததற்கு அதுதான் காரணம். எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்துக்கு மாற்றினான். படங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கும் ஆசையும் அவனுக்கு இருந்தது. எனக்கும் அந்த ஆசை உண்டு, ஆனாலும் வேண்டாம் என்றேன். 'கோ' என்பதன் ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மேக்கின் பழைய கோப்பு முறைமை அதைப் பிரித்தே சேமித்து வைக்கும். அங்கிருந்து ஜிப் செய்து லினக்ஸுக்கு வந்தால், 'கோயில்' என்ற பெயரில் படம் கண்ணெதிரே இருக்க, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிளேயர் சாதிக்கும். திரையில் தமிழ் நிறைய இருக்கட்டும். கோப்பின் பெயர் பிளேயருக்கும் பொதிக்கும் இடையில் உள்ள விவகாரம்.

இவற்றையெல்லாம் அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்க முடியும் என்பதுதான் அவனுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியது. கோடியை விண்டோஸில் 'பி' (-p) என்ற ஓர் எழுத்துக் கட்டளைச் சுட்டோடு இயக்கினால், அது பழைய தரவு எதையும் தொடாமல் தன் கோப்புறைக்குள்ளேயே வெறுமையான ஒரு தரவு இடத்தைத் தொடங்கிக்கொள்ளும். அதில் ஜிப்பை நிறுவிப் பார்ப்பது ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அங்கே மறைத்துவைத்த வரிகள் மீண்டும் தோன்றியிருக்கும். எழுத்துருவின் முழு முகவரி மட்டும் அந்தச் சோதனையில் சிக்காது, ஏனென்றால் கணினி அதே விண்டோஸ்தான். அதைப் பிடிக்க இன்னோர் இயங்குதளம் வேண்டும். அக்காள் வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றில் இப்போது லினக்ஸ் ஏற்றி வைத்திருக்கிறான். ஒவ்வொரு முறை பொதி கட்டும்போதும் அதிலிருக்கும் பிளேயரின் தரவைத் துடைத்துவிட்டு, ஜிப்பை நிறுவி, பதிவுக் கோப்பைப் படித்த பிறகே எனக்கு அனுப்புகிறான்.

அம்மாவின் பெட்டியில் ஸ்கின் இப்போது ஓடுகிறது. அவர் 'பாடல்கள்' என்பதை வாய்விட்டுப் படித்து, உள்ளே போய், பாடகர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கீழே இறங்குகிறார். விரல்களின் பழைய கணக்கு இன்னும் முழுவதும் போகவில்லை. சில நேரங்களில் படிப்பதற்கு முன்பே அழுத்திவிடுகிறார். மலேசியாவின் ஜோகூர் பாருவில் இருக்கும் சித்தி இதைக் கேள்விப்பட்டு, தனக்கும் வேண்டும் என்கிறார். அவருடைய பெட்டி ஆண்ட்ராய்டில் ஓடுவது, தொலைக்காட்சி சின்னது, பார்வையும் அம்மாவைவிட மங்கல். எழுத்துருப் பட்டியலில் இரண்டாவது தொகுதி ஒன்றைப் பெரிய அளவுகளில் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அளவைக் கூட்டியதும் 'அமைப்புகள்' என்ற சொல் பொத்தானை விட்டு வெளியே வழிகிறது, ஆகவே பொத்தான்களின் அகலத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. அது முடிந்ததும் பதிப்பு எண்ணை உயர்த்தி, உரிமக் கோப்பு உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, சித்தி வீட்டுப் பெட்டியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு அனுப்ப வேண்டும்.